கடலில்லா ஊருக்கு வரும் கப்பல்

ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று சாயங்காலம் சங்கரன்கோவில் தெற்கு ரதவீதியில் கால் வைக்க இடம் கிடைப்பது பெரும்பாடு. ஒற்றைக்காலில் தவமிருக்கும் கோமதியம்மனுக்குச் சிவனும் திருமாலும் ஓருருவாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கும் ஆடித்தபசு அன்றுதான். சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் பருத்தி, மிளகாய் வத்தல், காய்கறி, தானியம் என்று தங்கள் காட்டில் விளைந்ததைச் சப்பரத்தை நோக்கிச் சூறை விடுவார்கள். கூட்டம் கூடும் இடத்துக்குக் கடை வருகிறது. கடையோடு ராட்டினமும் வருகிறது. குடை ராட்டினம், தொட்டி ராட்டினம், மரணக்கிணறு என்ற பழைய வரிசையில் இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சேர்ந்துகொண்டது, ஊர்ச்சனம் ‘கொலம்பஸ்’ என்று கூப்பிடும் ஆடும் கப்பல். இரண்டு பக்கமும் இரும்புக் கால்கள், நடுவில் ஒரு தண்டு, அதில் தொங்கும் ஒரு கப்பல், அது முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். இதைத் தீம் பார்க்கின் சொத்து என்றும், திருவிழாத் திடலில் நிற்பது அதன் மலிவு நகல் என்றும் நினைப்பது பொதுவழக்கம். அதன் வரலாற்றைக் கிளறினால் கதை நேர்மாறாக இருக்கிறது. ஆடும் கப்பல் பிறந்தது நாடோடிச் சந்தையில். பூங்காக்கள் அதைப் பிற்பாடுதான் பிடித்து நிலத்தில் நட்டு வைத்தன. சங்கரன்கோவில் போன்ற ஊர்த்திருவிழாவுக்கு அது வந்து சேர்ந்ததைத் தன் பழைய பிழைப்புக்கே திரும்பி வந்ததாகத்தான் கொள்ள வேண்டும். இதை ஒப்புக்கொண்டால், அந்த எந்திரத்தை எப்படிக் கண்காணிப்பது என்ற இன்றைய கேள்விக்கும் வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் இங்கிலாந்து. அங்கே சந்தைத் திடல்களில் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இருந்தது கையால் இழுக்கும் ஊசற்படகு. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து, மேலிருந்து தொங்கும் கயிற்றை மாறி மாறி இழுத்தால் படகு ஆடும். கை வலித்தால் ஆட்டம் நின்றது. இதற்கு நீராவி புகட்டியவர்கள் பொழுதுபோக்கு வியாபாரிகள் அல்லர், விவசாயக் கருவி செய்தவர்கள். நார்ஃபோக் மாவட்டத்தின் கிங்ஸ் லின் ஊரில் கதிரடிக்கும் எந்திரமும் நீராவி எஞ்சினும் செய்துவந்த ஃபிரெடெரிக் சாவேஜ் சந்தை ராட்டினங்களைச் செய்யத் தொடங்கினார். படகுகள் அலைமேல் போவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டே வட்டமடிக்கும் ‘தரைமேல் கடல்’ என்ற ராட்டினத்துக்கு 1880இல் அவர் காப்புரிமை பெற்றார். பிறகு வந்தது ‘நீராவி யாட்’: பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் இரண்டு பெரிய படகுகள், நடுவில் ஒரு நீராவி எஞ்சின், எஞ்சினின் தண்டு தள்ளத் தள்ள எதிரெதிர்த் திசையில் ஆடும் படகுகள். அவற்றின் பக்கவாட்டில் லுசிட்டேனியா, மாரிட்டேனியா என்று அந்நாளின் பெரிய பயணக் கப்பல்களின் பெயரை எழுதினார்கள். சாவேஜ் 1889இல் அந்த ஊரின் மேயராகவும் ஆனார். ராட்டினம் செய்தவருக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே ஊரார் சிலையும் வைத்தார்கள். இன்றைய தமிழ்நாட்டில் ஒரு ராட்டினப் பட்டறைக்காரருக்கு அப்படி ஒரு மரியாதையைக் கற்பனை செய்து பார்ப்பதுகூடச் சிரமம்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் கதை இன்னும் தெளிவு. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, புல்வெளி நடுவே கிடக்கும் ஒக்லஹோமாவில் சார்லஸ் ஆல்பர்ட் மார்ஷல் என்பவர் 1890களில் ஓர் ஆடும் கப்பலை உருவாக்கினார். ‘கடல் அலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார். 1897இல் பிளிஸ் என்ற சிற்றூரில் தன் குடும்ப சர்க்கஸோடு அதை ஓட்டினார். சர்க்கஸ் என்றால் கழற்றி மாட்டி வண்டியில் ஏற்றும் தொழில். அந்தக் கப்பலும் ஊர் ஊராகப் போகும் பொருளாகவே செய்யப்பட்டது. ஒக்லஹோமா சரி, கிங்ஸ் லின் துறைமுக ஊர்தானே, அங்கே படகு ராட்டினம் தோன்றியதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சாவேஜின் எந்திரங்களை வாங்கியவர்கள் உள்நாட்டு ஊர்களைச் சுற்றிவந்த சந்தைக்காரர்கள். அவற்றில் ஏறியவர்கள் வயலிலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். நிஜக் கடலில் தினமும் புரளுகிறவனுக்குப் பொய்க்கடலைக் காசுக்கு விற்க முடியாது. கடலைக் கண்ணால் காணாதவனிடம் அது நன்றாக விலைபோகும். ஒக்லஹோமாக்காரர் அதைச் சரியாகவே கணித்திருக்கிறார்.

இன்று நாம் காணும் உருவம் இதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1970களின் இறுதியையும் 1980களின் தொடக்கத்தையும் ஒட்டி ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் திரண்டது. பிரெமன் நகரத்து ஹுஸ் நிறுவனமும் சுவிஸ் நாட்டு இன்டமின் நிறுவனமும் இதில் முன்னணியில் இருந்தன. கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே ரப்பர் டயர் மாட்டிய சக்கரம் ஒன்று இருக்கும். கப்பல் நடுவிடத்தைக் கடக்கும்போதெல்லாம் டயர் அதன் அடியில் உரசி, போகும் திசையிலேயே ஓர் உந்து கொடுக்கும். கப்பல் திரும்பி வரும்போது மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். நிறுத்த வேண்டும் என்றால் அதே டயர் தடையாகிவிடும். பெரிய கியர் கிடையாது, மேல்தண்டில் எஞ்சின் கிடையாது. ஆகவே லாரியில் ஏற்றவும் புதிய ஊரில் இறக்கி நிறுத்தவும் வசதி. ஜெர்மனியில் ஊர் ஊராகச் சந்தை நடத்தும் குடும்பங்கள் பரம்பரையாக இருக்கின்றன. ராட்டின நிறுவனங்களின் வாடிக்கையாளரில் கணிசமானவர்கள் அவர்கள்தாம். தீம் பார்க்குகள் அதே காலத்தில் இதை வாங்கி, கான்கிரீட்டில் நிறுத்தி, சுற்றிலும் ஒரு கதை கட்டின. நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்கா 1982இல் நிறுவிய கப்பலுக்கு ‘ஹல்வ மான்’ என்று பெயர். 1609இல் ஹென்றி ஹட்சன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓட்டிச் சென்ற கப்பலின் பெயர் அது. ஊருக்கு ஒரு கடலோடி. ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி காலியா, லாவோ என்ற கப்பல்களைத் தூத்துக்குடியிலிருந்து ஓட்டிய சீமையில், திருவிழாக் கப்பலுக்கு ஜெனோவாக்காரர் கொலம்பஸின் பெயர் நிலைத்தது கொஞ்சம் வேடிக்கைதான்.

இந்தியாவில் முதலில் பூங்காதானே இதைக் கொண்டுவந்தது என்று ஒருவர் மறுக்கலாம். அதில் உண்மை இருக்கிறது, மழுப்ப வேண்டியதில்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டி அப்புவின் பெயரில் டெல்லி பிரகதி மைதானத்தில் 1984 நவம்பர் 19 அன்று திறக்கப்பட்ட அப்பு கர், வடஇந்தியாவில் ஒரு தலைமுறைக்கே கொலம்பஸ் ஊஞ்சலை அறிமுகம் செய்தது. 1989இல் மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு வந்தது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தாம்பரம் பக்கமும் பூங்காக்கள் முளைத்தன. அவற்றில் தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தா 1995இல் திறக்கப்பட்டது. ஆனால் சங்கரன்கோவிலில் இருந்தவருக்கு இவையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகோ பள்ளிச் சுற்றுலாவிலோ ஒருமுறை போய்வரும் தூரத்து இடங்களாகவே இருந்தன. ஓரளவு பக்கம் என்று சொல்லத்தக்க அதிசயம் பூங்கா மதுரையையும் தாண்டிப் பரவையில் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம், பிறகு தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம். ஆக, அறிமுகம் பூங்காவினுடையது என்றாலும் பரவல் அதன் கணக்கில் வராது. உள்நாட்டுப் பட்டறைகள் அந்த உருவத்தைப் பார்த்து வெட்டி ஒட்டி, வெல்டிங் வைத்து, குறைந்த விலையில் செய்து ராட்டினக்காரர்கள் கையில் கொடுத்த பிறகே தென்மாவட்டத்துப் பிள்ளைகள் அதில் ஏறினார்கள். பூங்கா கேட்பது ஒரு முழுநாளும் ஒரு பெருந்தொகையும். திடலில் கேட்பது ஓர் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட். மல்லிகைப்பூ விற்றோ தறி ஓட்டியோ வரும் காசில் பிள்ளைக்கு ஒரே ஓர் ஆட்டம் வாங்கிக் கொடுக்க முடியும் என்பது திடல் கொடுக்கும் வசதி. பூங்காவில் அந்தச் சில்லறைக் கணக்கு செல்லாது.

இன்னொரு சான்று நாட்காட்டி. பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையும் சீசன். ராட்டினக்காரருக்குப் பஞ்சாங்கம்தான் சீசன். சித்திரையில் மதுரைப் பொருட்காட்சியும் தேனி வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும். ஆனித் தேரோட்டத்தை ஒட்டித் திருநெல்வேலிப் பொருட்காட்சி. ஆடியில் சங்கரன்கோவில் தபசு. கிட்டத்தட்ட அதே நாட்களில், ஜூலை 26 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை, தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா. இந்து, கிறித்தவ வேறுபாடு லாரிக்குக் கிடையாது. இந்தத் திருவிழாக்களில் பல வேளாண்மை ஓயும் மாதங்களிலும் அறுவடைப் பணம் புழங்கும் மாதங்களிலும் அமைந்தவை. ஆடியில் விதைப்புக்கு முந்திய இடைவெளியும் வெளியூர் போன சொந்தங்கள் குலசாமிக்குத் திரும்பும் வழக்கமும் சேர்ந்து சங்கரன்கோவிலை நிரப்புகின்றன. விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927இல் வந்ததிலிருந்து அந்தக் கூட்டம் தொலைவிலிருந்தும் வருகிறது. கிங்ஸ் லின் சந்தை பிப்ரவரியில் தொடங்கி ஆங்கிலேய ராட்டினக்காரர்களின் ஆண்டைத் திறந்து வைத்ததுபோலவே, இங்கேயும் ஓர் ஊரின் விழா முடிய அடுத்த ஊரின் கொடி ஏறுகிறது. 2020இல் கொரோனா முடக்கத்தால் ஆடித்தபசு பக்தர் கூட்டமின்றி நடந்தபோது தங்கள் ஆண்டுச் சம்பாத்தியமே போயிற்று என்று இந்தத் தொழிலாளர்கள் உணர்ந்தது இதனால்தான். பூங்காக்காரருக்கு நிலம் மிச்சமிருந்தது. இவர்களுக்கு இருந்த சொத்து திருவிழா மட்டும்.

இந்த இடத்தில் சிலர் மகிழ்ச்சியோடு வந்து சேர்வார்கள்: ஊஞ்சல் நம்முடையது, ஆகவே ஆடும் கப்பலும் நம்முடையது என்று. அப்படிச் சொல்ல எனக்கு உடன்பாடில்லை. சிலப்பதிகாரத்தில் ஊசல்வரி இருக்கிறது. மாணிக்கவாசகர் பொன்னூசல் பாடியிருக்கிறார். பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமே ஊசல்தான். கோயில்களில் ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. சங்கரன்கோவிலிலேயே ஆவுடைப்பொய்கையில் தெப்பம் ஓடுகிறது. படகில் ஏறி ஆடி வரும் தெய்வத்தைப் பார்ப்பதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. இவை எல்லாம் சேர்ந்து ஒரு மரக்கட்டையைக்கூட ஆடும் கப்பலாக்கவில்லை. எந்திரம் வெளியிலிருந்துதான் வந்தது. இங்கே ஏற்கெனவே இருந்தது, திருவிழா என்றால் உடம்பும் ஆட வேண்டும், சுற்ற வேண்டும் என்ற பழக்கம். தபசுக் காலத்தில் கோயிலை நூற்றுக்கு மேற்பட்ட முறை வலம்வரும் ஆடிச்சுற்று அப்படிப்பட்டதுதான். சாமி பார்ப்பதும் ராட்டினம் ஏறுவதும் ஒரே பயணத்தின் இரண்டு வேலைகளாக இருக்கும் ஊரில், வெளிநாட்டு எந்திரம் தனக்கு ஓர் இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஊஞ்சலிலிருந்து கப்பலுக்கு வரும்போது உண்மையில் மாறியது வேறொன்று, அதுதான் கவனிக்கத்தக்கது. ஊஞ்சலில் ஆடுகிறவரே உந்துகிறார், அல்லது அவருக்கு வேண்டப்பட்டவர் பின்னால் நின்று தள்ளுகிறார். ‘போதும்’ என்ற சொல்லுக்கு அங்கே உடனடி மதிப்பு உண்டு. ஆங்கிலேயரின் கயிற்றுப் படகிலும் அப்படியே. நீராவி யாட் வந்த அன்று உந்துதல் ஆடுகிறவர் கையைவிட்டுப் போயிற்று. எவ்வளவு உயரம், எத்தனை ஆட்டம், எப்போது நிறுத்தம் என்பதை எஞ்சின் பக்கத்தில் நிற்பவர் முடிவு செய்தார். டயர் வைத்த கப்பல் அந்த மாற்றத்தை முழுமையாக்கியது. அலறல்தான் பயணிக்கு மிச்சம். அலறினால் இன்னும் இரண்டு ஆட்டம் கூடுதலாகக் கொடுக்கும் ஆப்பரேட்டர்களும் உண்டு. இப்படி உடம்பைப் பிறர் கையில் ஒப்படைத்து ஆடுவதற்குத் தமிழ்நாட்டில் முன்னோடி ஒன்று உண்டு, அது ஊஞ்சல் அன்று, செடில். நெடிய கம்பத்தின் உச்சியில் குறுக்கே மாட்டிய மரத்தில், முதுகுத் தோலில் கொக்கி குத்தப்பட்ட நேர்ச்சைக்காரரைத் தொங்கவிட்டு, கீழிருந்து மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துச் சுற்றுவார்கள். சென்னை மாகாண அரசு 1850களில் இதுபற்றி விசாரித்து, தடை போடாமல் ஊக்கம் குறைக்க முயன்றது. 1891இல் மதுரைக்குப் பக்கத்துச் சோழவந்தானில் அது மீண்டும் நடந்து பெரும் சர்ச்சையானது. 1894இல் அரசு அதைத் தடுத்து நிறுத்தியது. கொக்கியின்றி, குழந்தைகளைச் செடில் மரத்தில் ஏற்றிச் சுற்றும் வழக்கம் நாகப்பட்டினம் நெல்லுக்கடை மாரியம்மன் கோயிலில் இன்றும் இருக்கிறது. நேர்ச்சைக்கும் கேளிக்கைக்கும் உள்ள தூரத்தை நான் மறக்கவில்லை. திருவிழாவில் தொங்கும் ஓர் உடம்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அரசு முதன்முதல் கேட்க நேர்ந்தது அந்தக் கம்பத்தடியில் என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதைக் கொஞ்சம் கணக்காகவும் பார்க்கலாம். ஊசலின் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது. ஏறியிருப்பவர்களின் எடையைப் பொறுத்ததன்று. வீட்டுக் கூடத்து ஊஞ்சலின் சங்கிலி இரண்டரை மீட்டர் என்றால் ஒருமுறை போய்வர 3 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். 8 மீட்டர் நீளக் கப்பலுக்கு ஏறக்குறைய 6 விநாடி. கப்பல் 60 பாகை உயரம்வரை ஏறி இறங்கினால், அடிமட்டத்தைக் கடக்கும் கணத்தில் நடு இருக்கையில் இருப்பவர் தன் எடையின் இரண்டு மடங்கை உணர்வார். உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் பாதியை. 75 பாகை என்றால் கீழே இரண்டரை மடங்கு, மேலே கால்வாசி. வயிற்றைப் புரட்டுவது அந்த மாற்றம்தான், வேகம் இல்லை. முனையில் உட்காருகிறவர் நடுவில் இருப்பவரைவிட மேலே போய், கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே பார்க்கிறார். அதனால்தான் இளவட்டங்கள் முனை வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். சில திடல் கப்பல்களில் இரு முனையிலும் நின்றபடி ஆட ஒரு கம்பிக்கூண்டும் வைத்திருக்கிறார்கள். இதே கணக்கைச் சட்டகத்தின் பக்கம் திருப்புங்கள். ஏறியவர்கள் உணரும் இரண்டு மடங்கை மேல்தண்டும் அதன் பேரிங்குகளும் தாங்குகின்றன. தவிர, மூன்று விநாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னுமாக மாறும் இழுவையை நான்கு கால்களும் மண்ணுக்குள் இறக்க வேண்டும். ஓர் இரவில் ஆயிரக்கணக்கான முறை.

அப்படியானால் இந்தப் பொறுப்பை ஒரே இடத்தில் நிற்கும் பூங்காக்களிடமே விட்டுவிடலாமே, திருவிழாத் திடலில் இதைத் தடைசெய்துவிடலாமே என்பது வலுவான எதிர்வாதம். ஆனால் ஓரிடத்தில் நிற்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் கன்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து இருவர் இறந்தார்கள், பலர் காயம்பட்டார்கள். அது லாரியில் வந்த எந்திரமன்று, மாநகராட்சி இடத்தில் நிலையாக நின்றது. இரும்பு களைத்துப்போவது நின்ற இடத்திலும் நடக்கும். இரண்டு இடங்களிலும் ஆபத்து உண்டு, ஆனால் அதன் தன்மை வேறு. பூங்காவில் ஆபத்து காலத்தால் வருவது: துரு, தேய்மானம், கண்ணுக்குத் தெரியாத விரிசல். ஆண்டுக்கு ஒருமுறை நல்ல நிபுணர் பார்த்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். திடலில் அதோடு இன்னொன்று சேர்கிறது. ஒவ்வோர் ஊரிலும் எந்திரம் புதிதாகப் பிறக்கிறது. போல்ட் மறுபடி முறுக்கப்படுகிறது, ஊசி மறுபடி செருகப்படுகிறது, கால்கள் வேறு மண்ணில் நிற்கின்றன, மின்சாரம் வேறு ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. மார்ச்சில் வாங்கிய சான்றிதழ் ஜூலையில் சங்கரன்கோவிலில் நிற்கும் கப்பலைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்லாது.

மண்ணையும் காற்றையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் செவலும் கரிசலும் கலந்து கிடக்கின்றன. கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் மண். பகலில் பாறைபோல இருக்கும் தரை ஒரு மழைக்குப் பிறகு கால்களுக்கடியில் அடுக்கிய கட்டைகளை ஒரு பக்கமாக விழுங்கும். சட்டகம் ஒரு விரற்கடை சாய்ந்தால் மேல்தண்டின் ஒரு பேரிங் மற்றதைவிடக் கூடுதல் சுமை தாங்கும். அடுத்தது காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி இங்கே மிகையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து இந்தச் சமவெளியில் அடிப்பதால்தான் சுரண்டை, கயத்தாறு பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆகத் தென்தமிழ்நாட்டில் காற்று மூர்க்கமாக அடிக்கும் சீமைகளில் ஒன்றில், அது மூர்க்கமாக அடிக்கும் மாதத்தில் இந்தக் கப்பல் நிறுத்தப்படுகிறது. கப்பல் ஆடும் திசையிலேயே காற்று வீசினால் பெரிய சேதமில்லை. பக்கவாட்டில் அடித்தால் தொங்கும் கைகள் முறுக்கப்படும். விளம்பர ஃபிளெக்ஸும் அலங்காரத் தகடும் கட்டிவிட்டால் நிஜமாகவே பாய் விரித்த கப்பலாகிவிடும். எந்தத் திசை பார்த்துக் கப்பலை நிறுத்துவது, எந்தக் காற்றுக்கு ஆட்டத்தை நிறுத்துவது என்ற இரண்டு முடிவும் இந்த ஊரில், இந்த மாதத்தில் எடுக்க வேண்டியவை. ஜெர்மன் கையேட்டிலோ சென்னைப் பூங்காவின் விதிப்புத்தகத்திலோ அவை இருக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுமக்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1888இலேயே சென்னை மாகாணத்தில் பொதுக்கேளிக்கை இடங்கள் சட்டம் வந்துவிட்டது. செடிலைத் தடுப்பதற்கு ஆறு ஆண்டு முன்பே. கேளிக்கை ராட்டினங்களின் வடிவமைப்புக்கும் இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் இந்திய தர நிர்ணய அமைப்பு 15475 என்ற எண்ணில் தரநிலைகளை வெளியிட்டிருக்கிறது. காவல் துறை, தீயணைப்புத் துறை, மின் ஆய்வு, பொதுப்பணித் துறைப் பொறியாளர் என்று அனுமதிக்கு அலைய வேண்டிய வாசல்களும் பல. குறை, அந்த அனுமதி விதிகள் பெரும்பாலும் நிலையான கட்டடத்தைக் கண்முன் வைத்து எழுதப்பட்டவை என்பதில் இருக்கிறது. கட்டடம் உறுதியா என்று ஒருமுறை கேட்டால் போதும். ஊர் மாறும் எந்திரத்திடம் நிறுத்தும்போதெல்லாம் கேட்க வேண்டும். ஜெர்மனியில் ஊர்சுற்றும் ராட்டினம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு உண்டு. புதிய ஊரில் நிறுத்தியதும் உள்ளூர் அதிகாரி அந்தப் பதிவேட்டோடு வந்து பார்த்த பிறகே மக்களை ஏற்றலாம். சந்தைக்காரரைச் சந்தைக்காரராகவே ஏற்று அவருக்கென்று எழுதிய விதி அது. அங்கே ராட்டினத் தொழில் இதனால் அழியவில்லை.

கடைசியாக ஒரு மறுப்பு, பணம் பற்றியது. இப்படியெல்லாம் கேட்டால் சின்ன ராட்டினக்காரர் தொழிலைவிட்டே போவார், டிக்கெட் விலை ஏறும், ஒரே ஓர் ஆட்டம் வாங்கிக் கொடுக்கும் அந்தப் பெற்றோருக்கும் அது எட்டாமல் போகும் என்பார்கள். கவலை நியாயம், ஆனால் செலவு எங்கே சேர்கிறது என்று பார்க்க வேண்டும். வீரபாண்டி போன்ற பெரிய திருவிழாக்களில் ராட்டினம் போடும் உரிமையே ஏலத்துக்குப் போகிறது; கூடுதலாகக் கேட்பவருக்கு இடம். திருவிழா நடப்பதோ சில நாட்கள். ஏலத்தொகையை அதற்குள் எடுக்க வேண்டியவர் ஆட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவார், ஓர் ஆட்டத்துக்கு ஏற்றும் ஆள்களைக் கூட்டுவார், பேரிங் மாற்றுவதை அடுத்த ஊருக்குத் தள்ளிப்போடுவார். சோதனைச் செலவு அவரை நசுக்குவதற்கு முன்பே ஏலம் நசுக்கிவிடுகிறது. கோயில் நிர்வாகமோ நகராட்சியோ வாங்கும் தொகையிலிருந்தே அந்த ஊரில் செய்யும் சோதனைக்கான செலவை எடுத்து வைக்கலாம். ஏல நிபந்தனையில் தொகைக்கு மேலே மூன்று வரி சேர்த்தால் போதும்: இருக்கைகளில் மணல் மூட்டை ஏற்றி முழு உயரத்துக்கு ஓட்டிக் காட்ட வேண்டும், காற்று குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும், அப்படி நின்ற நேரத்துக்கு ஏலத்தொகையில் கழிவு உண்டு. காற்றடிக்கும் இரவில் கப்பலை நிறுத்துவதால் வரும் நட்டம் ராட்டினக்காரர் ஒருவர் தலையில் மட்டும் விழுகிறவரை, கல்லாவுக்கும் காற்றுக்கும் நடுவே அவர் எதைத் தேர்வார் என்று எதிர்பார்ப்பது?